விரதத் தட்டில் மெக்ஸிகோ

2017இல் ஜெனரல் மோட்டார்ஸ் இந்தியாவில் கார் விற்பதை நிறுத்திக்கொண்டது. ஆனாலும் புனேயிலிருந்து மும்பை போகும் வழியில், தளேகாவில் இருந்த அதன் ஆலையில் வேலை நிற்கவில்லை. 2020 டிசம்பர் வரை அங்கே செவ்ரோலே பீட் கார்கள் உருவாகிக்கொண்டே இருந்தன. அவை பெருமளவில் கப்பலேறிப் போனது மெக்ஸிகோவுக்கு. பக்கத்துச் சாகண் தொழிற்பேட்டையில் ஃபோக்ஸ்வேகன் செய்த வென்டோ காருக்கும் மெக்ஸிகோ முக்கியமான சந்தையாக இருந்தது. எதிர்த்திசையிலும் வரத்து உண்டு. மகர்பட்டாவின் சீசன்ஸ் மாலில் பதினைந்து திரைகளோடு இயங்கும் சினிபோலிஸ் திரையரங்கு, மெக்ஸிகோவின் மிச்சோவாகான் மாநிலத் தலைநகரான மொரேலியாவில் தொடங்கிய நிறுவனத்தைச் சேர்ந்தது. சனி ஞாயிறுகளில் அங்கே வரிசையில் நிற்கும் புனேக்காரர்களில் அதை அறிந்தவர்கள் குறைவாகவே இருப்பார்கள்.

இவ்வளவு கொடுக்கல் வாங்கல் உள்ள ஒரு நாட்டைப் புனே எப்படி அறிந்திருக்கிறது? அந்நாட்டின் பண்பாட்டை இந்த நகரம் கொண்டாடுவதாகச் சொன்னால், எதைக் கொண்டாடுகிறது?

கேள்வி எளிதாகத் தோன்றலாம். ஆனால் ஒரு சமூகத்தின் மரபைக் கொண்டாட அந்தச் சமூகம் ஊரில் இருக்க வேண்டும் என்பதே பொதுவான எண்ணம். அமெரிக்காவில் ஸ்பானிய மொழி வழிச் சமூகங்களின் மரபைப் போற்றும் வாரம் 1968இல் தொடங்கி, 1988இல் செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரையிலான மாதமாக விரிந்தது. அங்கே கோடிக்கணக்கான மெக்ஸிகோ வம்சாவளியினர் இருக்கிறார்கள். தெருவும் பள்ளியும் நூலகமும் அவர்களுடையவை. புனேயில் அப்படியொரு சமூகம் இல்லை. மாடல் காலனியில் பி.கே.எஸ். ஐயங்கார் 1975இல் நிறுவிய யோகப் பயிற்சி நிலையத்துக்கும், கோரேகாவ் பார்க்கின் ஓஷோ மையத்துக்கும் உலகெங்கிலுமிருந்து வருகிறவர்களோடு மெக்ஸிகோக்காரர்களும் வருவதுண்டு. கார் ஆலைகளுக்குப் பொறியாளர்கள் வந்து போவதுண்டு. காம்ப்பிலும் கட்கியிலும் தலைமுறைகளாக வேரூன்றி, கோயில் கட்டி, சங்கம் வைத்துப் பொங்கல் கொண்டாடும் தமிழர்களைப் போல நிலைத்துவிட்ட மெக்ஸிகோக் குடும்பங்கள் இங்கே கிடையாது.

ஆகவே, மக்கள் இல்லாமலேயே மரபு கொண்டாடப்படுகிறது. கோரேகாவ் பார்க், பானேர், விமான் நகர் பக்கத்து உணவகங்களில் மே 5 நெருங்கும்போது அகன்ற விளிம்புத் தொப்பிகளும் வண்ணக் காகிதத் தோரணங்களும் தொங்குவதைப் பார்க்கலாம். டாக்கோவும் நாச்சோஸும் அன்று தனி மெனுவில் வரும். மே 5 என்பது 1862இல் புவெப்லா நகருக்கு வெளியே ஜெனரல் இக்னாசியோ சராகோசாவின் படை பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்த நாள். புவெப்லாவில் அதற்கு உண்மையான மதிப்பு உண்டு. மெக்ஸிகோவின் மற்றப் பகுதிகளில் அது பெரிய விழா அல்ல. அதைப் பெருவிழாவாக வளர்த்தது அமெரிக்காவில் வாழும் மெக்ஸிகோ மக்கள். பிறகு பீர் நிறுவனங்களின் விளம்பரம் அதை இன்னும் ஊதிப் பெருக்கியது. நாச்சோஸ் பிறந்ததும் எல்லை ஊரான பியெத்ராஸ் நெக்ராஸில்தான். அமெரிக்க வாடிக்கையாளர்களுக்காக இக்னாசியோ அனாயா என்ற உணவக ஊழியர் 1940களில் அவசரத்துக்குச் செய்து கொடுத்த தின்பண்டம் அது. இவற்றை விரும்பிச் சாப்பிடுவதில் தவறேதும் இல்லை. ஆனால் புனேக்கு இப்படி வந்து சேரும் மெக்ஸிகோ, அமெரிக்கா தன் வசதிக்கு வரைந்துகொண்ட மெக்ஸிகோ. மெக்ஸிகோவின் சொந்த நாள் செப்டம்பர் 16. 1810இல் தொலோரெஸ் என்ற சிற்றூரில் மிகேல் இதால்கோ என்ற பாதிரியார் கோயில் மணியை அடித்து மக்களைத் திரட்டி, ஸ்பெயினுக்கு எதிராக எழச் சொன்ன நாள். வழிபாட்டுக்குக் கூடிய கூட்டத்தை விடுதலைக்குத் திருப்பிய அந்த உத்தி, கணபதி விழாவைத் தெருவுக்குக் கொண்டுவந்த திலகரின் நகரத்துக்கு அந்நியமாக இருக்க முடியாது. அந்தத் தேதியில் உணவகங்களில் எந்தத் தோரணமும் தொங்குவதில்லை.

மெக்ஸிகோவின் உண்மையான பங்கு புனேயில் வேறு இடத்தில் இருக்கிறது. அதைப் பார்க்க ஆஷாடி ஏகாதசியன்று ஒரு மராத்தி வீட்டுக்குள் நுழைய வேண்டும்.

ஆளந்தியிலிருந்து ஞானேஸ்வரர் பல்லக்கும் தேஹூவிலிருந்து துக்காராம் பல்லக்கும் புனேயில் தங்கிவிட்டுப் பண்டர்பூருக்கு நடக்கும் மாதம் அது. ஏகாதசியன்று ஊரே உபவாசம் இருக்கும். அரிசியும் கோதுமையும் பருப்பும் விலக்கு. தட்டில் ஜவ்வரிசிக் கிச்சடி இருக்கும். அதற்கான ஜவ்வரிசி சேலத்துச் சேகோ ஆலைகளிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். வேர்க்கடலை, உருளைக்கிழங்கு, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பச்சை மிளகாய் இருக்கும். இவை அனைத்தும் அமெரிக்கக் கண்டங்களின் பயிர்கள். ஆனால் அந்தத் தட்டில் தனித்து நிற்பது ராஜ்கிரா. கடுகைவிடச் சிறிய, வெளிர் மஞ்சள் நிற விதை. சூடான வாணலியில் போட்டால் நொடியில் பொரிந்து வெள்ளையாகிவிடும். வெல்லப் பாகில் புரட்டி உருட்டினால் லட்டு. தட்டில் அழுத்தி வில்லை போட்டால் வடி. புனேயின் மளிகைக் கடைகளிலும் லோணாவளா சிக்கிக் கடைகளிலும் ஆண்டு முழுக்கக் கிடைக்கும் பண்டம். தமிழர்கள் தண்டுக்கீரையை நன்கு அறிவார்கள். அந்தக் கீரைக் குடும்பத்தைத் தமிழ்நாடு பெரும்பாலும் இலைக்காகவும் தண்டுக்காகவும் வளர்க்க, மேற்கிந்தியாவும் இமயமலைப் பகுதியும் அதன் ஒரு வகையைத் தானியமாக வளர்க்கின்றன. அந்தத் தானிய வகையைப் பயிராக்கிப் பழக்கியவர்கள் மெக்ஸிகோவின் பழங்குடி உழவர்கள் என்பதே தாவரவியலாளர்களின் முடிவு.

மெக்ஸிகோ நகரத்தின் தெற்கே, சோச்சிமில்கோ ஏரிப் பகுதியைச் சேர்ந்த துல்யெவால்கோ என்ற ஊரில் இன்றும் இந்த விதையைக் காயும் கல்லில் பொரித்து, தேனோ வெல்லமோ சேர்த்து, அச்சில் அழுத்தி வெட்டுகிறார்கள். அலெக்ரியா என்று பெயர். அதற்கென்று ஆண்டுதோறும் விழா எடுக்கிறார்கள். துல்யெவால்கோ அலெக்ரியாவையும் புனே ராஜ்கிரா வடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எந்த ஊருடையது என்று சொல்வது கடினம். செய்முறையும் ஒன்றே, உடையும் சத்தமும் ஒன்றே.

இந்த இனிப்புக்குப் பின்னால் ஒரு கொடிய வரலாறு இருக்கிறது. அஸ்தெக் பேரரசுக்கு மாகாணங்கள் செலுத்திய திறைப் பொருள்களில் மக்காச்சோளத்தோடும் பீன்ஸோடும் இந்தத் தானியமும் இருந்ததை மெந்தோசா சுவடி என்ற பழைய ஆவணம் படம் போட்டுக் காட்டுகிறது. விழா நாள்களில் இதன் மாவைத் தேன்பாகில் பிசைந்து தெய்வ உருவங்கள் செய்து, வழிபட்டு, உடைத்து, எல்லாரும் பகிர்ந்து உண்டார்கள். 16ஆம் நூற்றாண்டில் வந்த ஸ்பானியப் பாதிரிமார்களுக்கு இது தங்கள் சடங்கைக் கேலி செய்யும் பிசாசின் வேலையாகத் தெரிந்தது. சடங்கை ஒடுக்கினார்கள். சடங்கோடு பிணைந்த பயிரும் வயல்களிலிருந்து சுருங்கியது. துல்யெவால்கோ போன்ற சில ஊர்களின் உழவர்கள் விடாமல் விதைத்ததால்தான் அது தப்பியது. சொந்த மண்ணில் ஒரு மதம் தீட்டென்று ஒதுக்கிய தானியம், கடல் கடந்து வந்து இன்னொரு மதத்தில் கடவுளுக்காகப் பட்டினி கிடக்கும் நாளில்கூட உண்ணத் தகுந்த தூய உணவாக மதிக்கப்பட்டது. பண்பாடுகள் ஒன்றையொன்று காப்பாற்றுகின்றன என்பதற்கு இதைவிட நல்ல சான்று புனேயில் கிடைக்காது. பண்டர்பூர் விட்டலனை நினைத்து ராஜ்கிரா லட்டைக் கடிக்கும் பாட்டிக்கு இந்தக் கதையை யாரும் சொல்லவில்லை என்பதே வருத்தம்.

மழைக்காலத்தில் சிம்மகட் கோட்டை ஏறுகிறவர்களும் கடக்வாஸ்லா அணைப் பக்கம் போகிறவர்களும் தெருவோரத்தில் நின்று சுட்ட மக்காச்சோளம் வாங்குவார்கள். கரி அடுப்பில் வாட்டி, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்ட எலுமிச்சைத் துண்டால் தேய்த்துத் தருவார்கள். மெக்ஸிகோவின் எந்த ஊர்ச் சதுக்கத்திலும் மாலையில் இதே கரி, இதே மிளகாய், இதே எலுமிச்சையோடு சோளக்கதிர் விற்கும் வண்டிகளைப் பார்க்கலாம். பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் தியோசிந்தே என்ற காட்டுப் புல்லிலிருந்து, தலைமுறை தலைமுறையாக விதை பொறுக்கி மக்காச்சோளத்தை உருவாக்கினார்கள். அந்தப் புல்லின் கதிர் சுண்டுவிரல் அளவுகூட இருக்காது. மிளகாயைப் பழக்கியதும் அந்த நாட்டு மக்களே. தக்காளியைச் சமையலுக்குரிய காயாக வளர்த்தெடுத்ததும் அவர்களே. புனே மாவட்டத்தின் ஜுன்னர் வட்டத்தில் இருக்கும் நாராயண்காவ் சந்தை, தக்காளி விலைக்காக நாடே கவனிக்கும் இடமாக வளர்ந்திருக்கிறது. பச்சை மிளகாயையும் பூண்டையும் கல்லில் நசுக்கிச் செய்யும் டேச்சா இல்லாமல் பாக்ரி ரொட்டி இறங்காது என்கிறவர்கள் மராத்தியர்கள். மெக்ஸிகோ வீடுகளில் மக்காச்சோளம் அரைக்கும் மெத்தாத்தே என்ற கல்லும் அதன் குழவியும் நம் அம்மியின் நெருங்கிய உறவு. மண்டியிட்டு, இரு கையாலும் குழவியை முன்னும் பின்னும் இழுக்கும் அந்த அசைவைத் தமிழ்ப் பெண்கள் பார்த்தால் அந்நியமாக எண்ண மாட்டார்கள்.

ஆனால் பயிர் மட்டும் பயணம் செய்து, அதைப் பழக்கியவர்களின் அறிவு கூட வராதபோது என்ன நடக்கும் என்பதையும் மக்காச்சோளமே காட்டியது. மெக்ஸிகோ மக்கள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவைத்து, தோல் நீக்கித்தான் அரைப்பார்கள். அதனால் அதிலுள்ள நியாசின் என்ற வைட்டமின் உடலுக்குச் சேரும். ஐரோப்பியர்கள் விதையை எடுத்துக்கொண்டு சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். விளைவு, 18ஆம் நூற்றாண்டு முதல் ஸ்பெயினிலும் இத்தாலியிலும், பின்னர் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் ஏழைகளைக் கொன்ற பெலாக்ரா நோய். சமையலறையில் ஒரு சிட்டிகைச் சுண்ணாம்பு செய்திருக்க வேண்டிய வேலை.

தமிழகத்திலும் அதே தவறு வேறு வடிவில் நடந்தது. மெக்ஸிகோவின் தேசியச் சின்னத்தில் கழுகு அமர்ந்திருக்கும் சப்பாத்திக்கள்ளியில் ஒரு பூச்சி வாழ்கிறது. அதிலிருந்து கிடைக்கும் கோச்சினீல் என்ற சிவப்புச் சாயம் ஸ்பெயினுக்குப் பெரும் செல்வம் தந்தது. வஹாகா பகுதிப் பழங்குடிகள் நூற்றாண்டுகளாகப் பொறுக்கி வளர்த்த பூச்சி அது. அதைச் சென்னையிலேயே வளர்த்துவிடலாம் என்று நம்பிய கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், 1780களின் இறுதியில் சைதாப்பேட்டையில் ஒரு கள்ளித் தோட்டம் அமைத்தார். 1795இல் ஒரு வழியாகப் பூச்சி இந்தியாவுக்கு வந்தது. ஆனால் அது வஹாகா உழவர்கள் வளர்த்த நல்ல வகை அல்ல. தரமான சாயம் கிடைக்கவில்லை. பூச்சி கள்ளியைத்தான் தின்று தீர்த்தது. பின்னாளில் வேண்டாத கள்ளிக் காடுகளை அழிக்க அதே பூச்சியை வேண்டுமென்றே பரப்பினார்கள் என்பது தனிக் கதை. வஹாகாவின் கைகளில் இருந்த திறமையைக் கப்பலில் ஏற்ற முடியவில்லை.

இனி பூக்கள். தசராவுக்கு முந்தைய நாள் குல்டேக்டி மார்க்கெட் யார்டிலும் மண்டை என்ற சந்தையிலும் ஜெண்டு மலை மலையாகக் குவியும். தமிழர்கள் செண்டுமல்லி என்றும் துலுக்கச் சாமந்தி என்றும், தெற்கே கேந்தி என்றும் சொல்லும் பூ. மராத்தி வீடுகளின் வாசலில் மாவிலையோடு கோத்த ஜெண்டுத் தோரணம் இல்லாவிட்டால் தசரா இல்லை. வண்டிக்கும் கருவிகளுக்கும் சாற்றுவதும் அதைத்தான், நம் ஆயுத பூஜையைப் போல. அக்டோபர் இறுதியில் சோச்சிமில்கோவின் நீர்த்தோட்டங்களில் அதே பூ அறுவடையாகிறது. இறந்தவர்களை வரவேற்கும் நாள்களான நவம்பர் 1, 2 தேதிகளில், கல்லறையிலிருந்து வீடுவரை இதழ்களை உதிர்த்துப் பாதை போடுவார்கள். அந்த நிறத்தையும் வாசனையையும் பிடித்துக்கொண்டு முன்னோர் வீடு வந்து சேர்வார்கள் என்பது நம்பிக்கை. இறந்தவருக்குப் பிடித்த உணவைப் படைப்பார்கள். இந்த வழக்கம் 2008இல் யுனெஸ்கோவின் மானுட மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. மஹாளய பட்சத்தில் முன்னோருக்குப் படையல் இட்டுக் காகத்துக்காகக் காத்திருக்கும் புனே வீட்டுக்கும் தமிழ் வீட்டுக்கும் இதைப் புரிந்துகொள்ள விளக்கவுரை தேவையில்லை. இங்கே அந்த இரு வாரம் முடிந்து நவராத்திரி தொடங்கிய பிறகுதான் செண்டுமல்லி வாசலுக்கு வருகிறது. அங்கே அது இறந்தவர்களுக்கே உரிய பூ. ஒரே பூவை இரண்டு நாகரிகங்கள் பஞ்சாங்கத்தின் வெவ்வேறு பக்கத்தில் வைத்திருக்கின்றன. மராத்தியில் நிஷிகந்தா எனப்படும் நிலச்சம்பங்கியும், கோயில் வளாகங்களில் உதிர்ந்து கிடக்கும் ஈழத்தலரியும்கூட மெக்ஸிகோவிலிருந்து வந்தவையே. நிலச்சம்பங்கி இல்லாமல் ஒரு புனேத் திருமண மேடையைக் கற்பனை செய்வது கடினம்.

பூவும் விதையும் யாரும் பார்க்காமல் வந்து சேர்ந்தவை. ஆனால் மகாராஷ்டிரத்திலிருந்து மெக்ஸிகோவுக்குக் கண்ணைத் திறந்துகொண்டு போய், அந்நாட்டு உழவர்களோடு வாழ்ந்த ஒரு மனிதர் இருக்கிறார். பாண்டுரங் கான்கோஜே. 1880களில் வர்தாவில் பிறந்தவர். இளமையில் திலகரின் ஈர்ப்புக்கு ஆளாகி, அவருடைய யோசனையின்படி நாட்டை விட்டு ஜப்பான் போனவர். அங்கிருந்து அமெரிக்கா. கலிஃபோர்னியாவில் ராணுவப் பயிற்சியும் கல்லூரிகளில் வேளாண்மையும் கற்றார். 1913இல் உருவான கதர் என்ற புரட்சி இயக்கத்தின் தொடக்கக் காலத் தலைவர்களில் ஒருவர். முதல் உலகப் போரின்போது பாரசீகத்தில் ஆங்கிலேயருக்கு எதிராக ஆயுதம் ஏந்தினார். ஆங்கில அரசு அவரைத் தாயகம் திரும்ப விடவில்லை. 1920களில் மெக்ஸிகோ அவருக்கு இடம் கொடுத்தது.

மெக்ஸிகோ நகருக்கு அருகே சாபிங்கோவில் உள்ள தேசிய வேளாண் பள்ளியில் பேராசிரியரானார். மக்காச்சோளத்திலும் கோதுமையிலும் புதிய ரகங்களை உருவாக்க உழைத்தார். மக்காச்சோளத்தை அதன் மூதாதையான தியோசிந்தேயோடு கலந்து அவர் செய்த ஆய்வுகளின் கதிர்களை, புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் தீனா மொதோத்தி படம் எடுத்தார். மெக்ஸிகோப் புரட்சிக்குப் பிறகு நிலம் பெற்ற ஏழை உழவர்களின் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லா வேளாண் பள்ளிகள் தொடங்குவதில் கான்கோஜே முன்நின்றார். ஓவியர் தியேகோ ரிவேரா அவருடைய நண்பர். மெக்ஸிகோ நகரின் கல்வி அமைச்சகக் கட்டடத்தில் ரிவேரா 1928இல் வரைந்த, அன்றாட உணவு என்ற பொருளில் பெயர் பெற்ற சுவரோவியத்தில், பல இனத்து மக்கள் சூழ்ந்த மேசையில் ரொட்டி பிட்கும் மனிதராக இருப்பவர் கான்கோஜே. அதே கட்டடத்தில், அதே காலத்தில் ரிவேரா வரைந்த இன்னொரு சுவரில் ஓவியர் ஃப்ரீதா காலோ தொழிலாளர்களுக்குத் துப்பாக்கி கொடுத்துக்கொண்டிருக்கிறார். ஃப்ரீதாவின் சேர்ந்த புருவம் இன்று இந்திய நகரங்களின் துணிப்பைகளிலும் காபிக்கடைச் சுவர்களிலும் இருக்கிறது. பக்கத்துச் சுவரில் இருக்கும் மராத்தியரின் முகம் புனேயிலேயே பெரும்பாலோருக்குத் தெரியாது. இது மாற வேண்டிய நிலை.

விடுதலைக்குப் பிறகு நாடு திரும்பிய கான்கோஜே 1967இல் நாக்பூரில் காலமானார். மகள் சாவித்திரி சாஹ்னி 2008இல் ஆங்கிலத்தில் அவருடைய வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். 2022இல் மக்களவைத் தலைவர் ஓம் பிர்லா சாபிங்கோ பல்கலைக்கழகத்தில் கான்கோஜேயின் சிலையைத் திறந்துவைத்தார். முதலில் நன்றி சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாம், சாபிங்கோ முந்திக்கொண்டது.

சாபிங்கோ இருக்கும் அதே தெஸ்கோகோ வட்டாரத்தில்தான் சிம்மிட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் பன்னாட்டு மக்காச்சோள, கோதுமை ஆய்வு மையமும் இருக்கிறது. இங்கே கதைக்குள் இரண்டு தமிழர்கள் வருகிறார்கள். 1960களின் நடுவில் அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து இந்தியா வாழ்ந்தபோது, மெக்ஸிகோவில் கோதுமை ஆய்வாளர் நார்மன் போர்லாக் உருவாக்கிய குட்டைக் கோதுமையை எம்.எஸ். சுவாமிநாதன் அறிவியலாளராகவும் சி. சுப்பிரமணியம் வேளாண் அமைச்சராகவும் துணிந்து ஏற்றார்கள். 1966இல் 18,000 டன் மெக்ஸிகோ விதைக் கோதுமை கப்பலில் வந்தது. அதில் ஒரு சிக்கல் இருந்தது. சொனோரா 64 ரகத்தின் மணி சிவப்பு. இந்திய வீடுகள் கேட்பது வெளிறிய பொன்னிறச் சப்பாத்தி. டெல்லியில் சுவாமிநாதனின் குழுவினர் அந்த ரகத்தைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்திப் பொன்னிற மணி தரும் சர்பதி சொனோராவை உருவாக்கினார்கள். ஒரு நாட்டின் பயிர் இன்னொரு நாட்டுச் சமையலறையின் விருப்பத்துக்கு ஏற்ப மாறிக்கொண்ட அழகான தருணம் அது.

புனேயின் பங்கு இதில் தொடர்கிறது. தாவரவியலாளர் சங்கர் புருஷோத்தம் அகார்கரின் முயற்சியால் 1946இல் தொடங்கிய மகாராஷ்டிர அறிவியல் வளர்ப்புச் சங்கம், இன்று அவர் பெயரிலேயே அகார்கர் ஆய்வு நிறுவனமாக இயங்குகிறது. எம்.ஏ.சி.எஸ். என்று தொடங்கும் கோதுமை ரகங்கள் அதன் படைப்பு. சாதாரணக் கோதுமையிலும், ரவைக்கும் பாஸ்தாவுக்கும் ஏற்ற டூரம் வகையிலும் தக்காணத்தின் குறைந்த நீரையும் வெப்பத்தையும் தாங்கும் ரகங்களை வெளியிட்டிருக்கிறது. எம்.ஏ.சி.எஸ். 6478 ரகம் சாத்தாரா மாவட்டத்துக் கரஞ்ச்கோப் ஊரின் விளைச்சலை இரட்டிப்பாக்கியதாக மத்திய அரசு அறிவித்தது. உலகக் குட்டைக் கோதுமைகள் பலவற்றிலும் மெக்ஸிகோவின் பங்கு ஏதோ ஓர் அளவில் இருக்கிறது. ஜோவார் பாக்ரியே அன்றாடமாக இருந்த தக்காணத்தில் சப்பாத்தி எளிய வீட்டுக்கும் எட்டியதற்குப் பின்னால் அந்தப் பங்கு உண்டு.

இந்தியா திருப்பிக் கொடுத்ததும் கொஞ்சமல்ல. மெக்ஸிகோக் குழந்தைகள் மிளகாய் தூவித் தின்னும் புளி மிட்டாயின் புளியும், வெயிலுக்குக் குடிக்கும் புளித்தண்ணீரும் நாம் அறிந்தவையே. அங்கே அவர்கள் மனிலா என்று சொல்லும் மாம்பழம் பிலிப்பீன்ஸ் வழியாகப் போனது. அந்தக் கப்பல் பாதையில் மனிதர்களும் கடத்தப்பட்டார்கள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து பிடிக்கப்பட்டு, கொச்சியில் ஞானஸ்நானம் பெற்று, மனிலாவில் விற்கப்பட்டு, அடிமையாகப் புவெப்லா சேர்ந்த சிறுமி, கத்தரினா தெ சான் ஹுவான் என்ற பெயரில் அந்நகர மக்கள் போற்றும் புனிதப் பெண்ணாக வாழ்ந்து 1688இல் இறந்தார். மெக்ஸிகோப் பெண்களின் புகழ்பெற்ற விழா உடையை மக்கள் கதைகள் அவரோடு இணைக்கின்றன.

ஆகப் புனே மெக்ஸிகோவை எப்படிக் கொண்டாடலாம் என்ற கேள்விக்கு வருவோம். கொண்டாட்டம் என்பது பிறருடைய ஆடையை ஒரு மாலை அணிந்துபார்ப்பது அல்ல என்பதே இக்கட்டுரையின் நிலை. பெற்றதை இன்னாரிடமிருந்து பெற்றோம் என்று ஊரறியச் சொல்வதே முதல் படி. அப்படிச் சொல்ல இந்த நகரத்தில் இடங்களுக்குக் குறைவில்லை. ராஜா தினகர் கேல்கர் அருங்காட்சியகம் மராத்திச் சமையலறைக் கருவிகளுக்கும் பெயர் பெற்றது. அதன் அரவைக் கற்களுக்குப் பக்கத்தில் ஒரு மெத்தாத்தேயின் படத்தை மாட்டினால் பள்ளிப் பிள்ளைகள் நின்று பார்ப்பார்கள். கான்கோஜே வாரம் என்று வேளாண் கல்லூரியில் ஒன்றைத் தொடங்கினால், அதை அகார்கர் நிறுவனத்தின் கோதுமை வயலோடு இணைக்கலாம். பண்டர்பூர்ப் பல்லக்குகள் ஊருக்குள் வரும் நாள்களில் ராஜ்கிராப் பொட்டலத்தின் பின்புறம் துல்யெவால்கோ உழவர்களைப் பற்றி நாலு வரி அச்சிட எந்தச் சிக்கிக் கடைக்கும் பெரிய செலவாகாது.

மிக எளிதாகத் தொடங்கக்கூடிய இடம் எம்ப்ரஸ் கார்டன். குடியரசு நாளையொட்டி ஜனவரியில் அங்கே நடக்கும் மலர்க் கண்காட்சிக்குப் புனே முழுவதும் குடும்பத்தோடு வரும். டேலியா, ஜினியா, காஸ்மோஸ், செண்டுமல்லி, இலையே பூவாய்ச் சிவக்கும் பாய்ன்செட்டியா என்று தோட்டக்காரர்கள் குளிர்காலத்துக்கென வளர்ப்பவற்றில் பல மெக்ஸிகோவின் மலைகளில் பிறந்தவை. அவற்றில் டேலியாவை அந்நாடு 1963இல் தன் தேசிய மலராக அறிவித்தது. தொட்டிகளின் முன்னால் இருக்கும் அட்டையில் இப்போது பூவின் பெயரும் ரகமும் இருக்கின்றன. அதற்குக் கீழே அது பிறந்த மலையின் பெயரையும், அதை முதலில் வளர்த்த மக்களின் பெயரையும் மராத்தியிலும் ஸ்பானிய மொழியிலும் சேர்த்து எழுதலாம். எழுதித் தர, ரானடே நிறுவனத்தின் அயல்மொழித் துறையில் ஸ்பானியம் படிக்கும் மாணவர்கள் ஃபெர்குசன் கல்லூரிச் சாலையிலேயே இருக்கிறார்கள்.